பக்கத்துக் கடையா, பெரிய கடையா, ஆன்லைனா?

வாஷிங் மெஷின் வாங்கப் போகும் நண்பர் ஒருவர் மூன்று விலைகளைக் குறித்த துண்டுத் தாளோடு வந்தார். ஆன்லைனில்தான் குறைவு. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடையில் அதைவிடக் கொஞ்சம் கூட. அவர் தெருமுனையில் சொந்தமாகக் கடை நடத்துபவர் சொன்ன விலை, ஆன்லைனைவிட 7 சதவீதம் அதிகம்.

"தெரிஞ்ச மனுஷர். அவர் கடையைத் தாண்டி வேற எங்கயோ வாங்கின பெட்டி நம்ம வீட்டுல வந்து இறங்கினா, அவர் முகத்துல எப்படி முழிக்கிறது? ஆனா 7 சதவீதம் சும்மாவா?"

இந்தச் சங்கடம் அவருக்கு மட்டும் இல்லை. உள்ளூர்க் கடையை ஆதரிக்கச் சொல்பவர்கள் அதைத் தர்ம காரியம்போல ஆக்கிவிடுகிறார்கள். விலையை மட்டும் பார்ப்பவர்களோ, அந்தத் துண்டுத் தாளோடு கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உரிமையாளரே நின்று நடத்தும் கடையில் வாங்குவதால் வாங்குபவருக்கே லாபம் வருகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு லாபமும் வராத இடங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

## எது உள்ளூர்க் கடை?

பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்ய முடியாது. பெரிய பெயரைத் தாங்கிய கடைக்குள் உள்ளூர்க்காரரே முதலாளியாக உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்காவின் ஏஸ் ஹார்டுவேர், கடைக்காரர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு. ஜெர்மனியின் எடேகா என்ற சூப்பர்மார்க்கெட் குழுமத்துக்கு வேர், 1898-இல் பெர்லின் மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுக் கொள்முதல். தனியாகப் போனால் மொத்த வியாபாரி விலையைக் குறைக்க மாட்டார், கூட்டமாகப் போனால் குறைப்பார் என்ற எளிய கணக்கில் பிறந்தது அது. இன்றும் அதன் கடைகளில் பெரும்பாலானவற்றைத் தனித்தனி வியாபாரிகள்தான் நடத்துகிறார்கள்.

பெரிய பெயருக்கு உரிமம் வாங்கி நடத்தும் கிளைகள் நடுவில் நிற்கின்றன. முதலாளி உள்ளூர்க்காரர்தான், ஆனால் விற்பனையில் ஒரு பங்கு பெயருக்குச் சொந்தமான நிறுவனத்துக்குப் போகும். எந்தப் பொருளை வைப்பது, என்ன விலை என்பதும் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒரு குறையோடு போனால், யாரையும் கேட்காமல் அங்கேயே முடிவு சொல்லக்கூடியவர் கடைக்குள் இருக்கிறாரா? இருந்தால் அது உள்ளூர்க் கடை.

## எதை வைத்து எடை போடுவது?

முழுச் செலவு. சீட்டில் இருக்கும் விலையோடு போக்குவரத்து, டெலிவரி, பொருத்தும் கூலி, பழையதை எடுத்துப்போகும் செலவு எல்லாம் சேர வேண்டும். வாங்க நினைக்காமல் வாங்கி வந்ததும் சேர வேண்டும். அதைத்தான் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வாங்கும் முன் கேள்வி. என்ன வேண்டும் என்று உங்களுக்கே சரியாகத் தெரியுமா, இல்லை யாரிடமாவது கேட்க வேண்டுமா?

வாங்கிய பின் வேலை. மாட்டுவது, பழுது, உதிரி பாகம், மாற்றித் தருவது. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட எடை கூடியது இதுதான்.

கையிருப்பு. எத்தனை வகை இருக்கிறது, இன்றைக்கே கிடைக்குமா.

பணம் போகும் வழி. நீங்கள் கொடுத்ததில் எவ்வளவு உங்கள் ஊரிலேயே சுற்றுகிறது. இதைப் பெரிதாக நினைக்காதவர்கள் தாண்டிப் போகலாம், தப்பில்லை.

## உரிமையாளரே நடத்தும் கடை

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் வாங்கிவிடலாம் என்று பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"வாய் வழியா சொட்டுதா, கைப்பிடி பக்கத்துல கசியுதா?"

"வாய் வழியாதாண்ணே."

"அப்ப குழாய் எதுக்கு சார்? வாஷர் போதும்." குழாயைத் திருகிப் பிரித்தார். நடுவில் பள்ளம் விழுந்திருந்த கறுப்பு ரப்பர் வட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். டப்பாவுக்குள் விரலை விட்டு, அளவுகோல் எதுவும் இல்லாமல் அதே அளவில் ஒன்றை எடுத்து வைத்து அழுத்தினார். "ரெண்டு மாசத்துல திரும்பவும் சொட்டினா உள்ள வாஷர் உட்காருற சீட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்ப வாங்க, குழாயையே மாத்திடலாம்."

ஒரு குழாய் விற்க வேண்டிய இடத்தில் ஒரு வாஷர் விற்றார். நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதில் வியாபாரமும் இருக்கிறது. நான் அதே தெருவில்தான் இருக்கப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒரு தடவை ஏமாற்றினால் போகப்போவது அந்த ஒரு குழாயின் லாபம் மட்டும் இல்லை, இனி வரும் ஆணி, பல்பு, பெயிண்ட் எல்லாம் போய்விடும். மாதத்துக்கு இத்தனை விற்க வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்திருக்கும் ஊழியரால் என்னை அப்படி வாஷரோடு அனுப்ப முடியாது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

அந்த வாஷரை ஆன்லைனில் தேடியிருந்தால் பத்து, இருபது என்று பாக்கெட்டாகத்தான் வந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியாத அளவுகளில். ஒன்றே ஒன்று வாங்க முடிவது சின்னக் கடையின் பெரிய வசதி. நான்கு திருகாணி, ஒரு முழம் ஒயர், ஒற்றைப் பொத்தான். சில்லறையாக வாங்குகிறவர் ஒரு துண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார், மொத்தத்தில் குறைவாகவே செலவழிக்கிறார்.

அடுத்தது, பில்லில் வராத வேலைகள். நியூயார்க்கில் தன் தெருவைப் பார்த்து 1961-இல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதியதில் ஒரு காட்சி உண்டு: வெளியூர் போகிறவர்கள் தங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்காகச் சாவியைத் தெருக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம்பத் தகுந்தவர், அதே நேரம் நம் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதவர். இரண்டும் சேர்ந்த ஆள் அந்தத் தெருவில் கடைக்காரர்தான். கடை திறந்திருக்கும் வரை தெருவில் ஒரு ஜோடிக் கண்ணும் திறந்திருக்கும் என்பதும் ஜேக்கப்ஸின் வாதம். இதற்கு யாரும் காசு கேட்பதில்லை, கடை மூடிய பிறகுதான் தெரிகிறது.

பணம் போகும் வழிக்கு வருவோம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், ஓர் உள்ளூர்ப் புத்தகக் கடையும் இசைத்தட்டுக் கடையும் இருந்த சந்திப்பில் போர்டர்ஸ் என்ற பெரிய புத்தக நிறுவனம் கிளை திறக்க இருந்தது. 2002-இல் சிவிக் எகனாமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. வாடிக்கையாளர் செலவிடும் 100 டாலருக்கு, உள்ளூர்க் கடைகள் வழியே 45 டாலர் அளவுக்கு அந்த ஊரில் சுழல்கிறது, போர்டர்ஸ் வழியே 13 டாலர்தான் என்றது. முதலாளியின் லாபம் ஊரிலேயே செலவாகிறது, கணக்கு எழுதுபவரும் விளம்பரம் செய்பவரும் ஊர்க்காரர்கள், தலைமையகம் என்று ஒன்று வேறெங்கும் இல்லை. வித்தியாசம் அங்கேதான் வந்தது.

இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு எல்லாக் கடைக்கும் பொருத்துகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. ஆய்வைக் கேட்டது உள்ளூர்க் கடைகளின் பக்கம் நின்ற ஒரு குடிமக்கள் அமைப்பு, கணக்கிட்டது ஓர் ஊரின் இரண்டு வகைக் கடைகளை. எங்கோ செய்த வாஷிங் மெஷினை உள்ளூர்க்காரர் விற்றால், விலையின் பெரும்பகுதி உற்பத்தியாளருக்குத்தான் போகும். ஊரில் நிற்பது கடைக்காரரின் லாபமும் அவர் தரும் கூலியும் வாடகையும்தான். திசை சரி, அளவு கடைக்குக் கடை மாறும். போர்டர்ஸ் அந்தக் கிளையைத் திறக்கவே இல்லை. 2011-இல் நிறுவனமே மூடிவிட்டது.

### இங்கே ஒளிந்திருக்கும் செலவு

எல்லாச் சின்னக் கடையும் அந்தக் குழாய்க் கடை மாதிரி இருக்காது. ஒருமுறை வேறொரு சின்னக் கடையில் போன் சார்ஜர் வாங்கினேன். "பில் போட்டா விலை ஏறும்" என்றார், நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் சூடாகிச் செத்துப்போனது. திரும்பப் போனால், நான் விற்றதே இல்லை என்கிற மாதிரி பார்த்தார். பில் இல்லாத இடத்தில் உத்தரவாதமும் இல்லை. தப்பில் பாதி என்னுடையது.

தவிர, கையிருப்பு குறைவு. மெதுவாக விற்கும் கடையில் பழைய சரக்கு தேங்கும். பேட்டரியோ பசையோ வாங்கினால் தேதியைப் பாருங்கள். இன்னொன்று, உள்ளூர் என்றாலே ஊழியருக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். சார்லஸ் பிரவுன், ஜேம்ஸ் மெடாஃப் என்ற பொருளியலாளர்கள் 1989-இல் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, ஒத்த தகுதியுள்ள ஊழியருக்கும் பெரிய நிறுவனங்கள் சின்ன நிறுவனங்களைவிடக் கூடுதல் சம்பளம் தருகின்றன என்று காட்டினார்கள். உள்ளூர் முதலாளி நல்ல முதலாளியா என்பது தனிக் கேள்வி.

எப்போது இதுவே நல்லது: என்ன வேண்டும் என்று தெரியாதபோது. அளவு பார்க்க வேண்டியபோது. ஒன்றிரண்டு மட்டும் தேவைப்படும்போது. பொருளுக்குப் பின்னால் ஆள் வர வேண்டியபோது: சைக்கிள், மூக்குக் கண்ணாடி, குழாய், மின்சாதனம், தைக்கக் கொடுக்கும் துணி.

## கிளை பல உள்ள பெரிய கடை

விலை குறைவதற்குக் காரணம் எளிது: லாரி லாரியாக வாங்குகிறார்கள். நியாயமாகப் பேசினால், நாம் இன்று சாதாரணமாக நினைக்கும் சில நல்ல பழக்கங்களைப் பரப்பியதும் பெரிய கடைகள்தான். 1852-இல் பாரிஸின் பான் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ, எல்லாருக்கும் ஒரே விலை என்று சீட்டு ஒட்டினார், பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்றார். அதற்கு முன் பல கடைகளில் ஆளைப் பார்த்து விலை சொல்வதுதான் வழக்கம். பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பெரிய கடை இன்றும் நிம்மதி.

ஒளிந்திருக்கும் செலவு, கடை கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடையில்தான் வாடிக்கையாளர் தானே கூடையோடு நடந்து பொருள் எடுக்கும் முறை பெயர் பெற்றது. நுழைந்தால் ஒரே வழி, எல்லாப் பொருளையும் கடந்துதான் காசு கட்டும் இடத்துக்கு வர முடியும். அந்த அமைப்புக்கு அடுத்த ஆண்டே காப்புரிமையும் வாங்கினார். கேட்டால் எடுத்துத் தருகிற கடையில் கேட்டது மட்டும் வரும். நடந்து எடுக்கிற கடையில் கண்ணில் பட்டதும் வரும்.

வாசலில் நஷ்டத்துக்கே ஒரு பொருளை விற்பார்கள். அந்த நஷ்டத்தை உள்ளே எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைதான். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நாமே முடிவு செய்துகொள்வோம். சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகு விலையை, அதாவது கிலோவுக்கு இவ்வளவு என்பதைப் பார்த்தால் சில நேரம் சின்னப் பொட்டலம்தான் மலிவாக இருக்கும். ஊழியர் அடிக்கடி மாறுவார்கள் என்பதால், போன மாதம் நன்றாக விளக்கியவரை இந்த மாதம் தேடினால் கிடைக்க மாட்டார்.

எப்போது இதுவே நல்லது: பட்டியல் கையில் இருக்கும்போது. பல வகைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியபோது. இன்றைக்கே எடுத்துப் போக வேண்டியபோது. திருப்பித் தரும் விதி எழுத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு.

## ஆன்லைன்

மாடல் எண் தெரிந்த, பெட்டி பிரிக்காத, யார் விற்றாலும் ஒன்றாகவே இருக்கும் பொருளுக்கு இதை மிஞ்ச முடியாது. பக்கத்தில் கிடைக்காத நூல், நிறுத்தப்பட்ட மாடலின் உதிரி பாகம், வழக்கத்துக்கு மாறான காலணி அளவு. நடக்க முடியாதவர்களுக்கும் கடை நேரத்தில் வேலையில் இருப்பவர்களுக்கும் இதுதான் கடை. அவர்களிடம் போய் உள்ளூர்ப் பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

சில நாடுகளில் சட்டமும் துணை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். கடையில் நேரில் பார்த்து வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது, பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்பது வாதம்.

ஆனால் விற்பது யார் என்று பாருங்கள். அமேசான் தளத்தில் விற்கும் பொருட்களில் எண்ணிக்கைப்படி பாதிக்கு மேல் வெளி விற்பனையாளர்களுடையது. அதில் எங்கோ ஓர் ஊரின் சின்னக் கடையும் இருக்கும், போலி விற்கிறவரும் இருப்பார். பெட்டியில் தளத்தின் பெயர் இருக்கும், பொறுப்பு வேறொருவருடையதாக இருக்கும். அந்தச் சின்னக் கடைக்காரர் தளத்துக்குத் தரும் கமிஷன் பல வகைப் பொருட்களுக்கு 8 முதல் 15 சதவீதம் வரை போகிறது. அவரிடமே நேரடியாக வாங்க வழி இருந்தால் போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கமிஷனில் கொஞ்சம் உங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

இலவச டெலிவரிக்காக இன்னும் ஒன்றைக் கூடையில் போடுவது, திருப்பி அனுப்பப் பெட்டியை ஒட்டிக்கொண்டு ஆள் வரக் காத்திருப்பது, திருப்பச் சோம்பல்பட்டு அலமாரியில் போட்டுவைப்பது எல்லாம் செலவுதான். என் அலமாரியில் அப்படி மூன்று சாமான் இருக்கிறது.

கடையில் போட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கும் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் ஒருவரை ஷூ எடுத்துப் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்து போனில் ஆர்டர் போடுவது சட்டப்படி குற்றமில்லை. எனக்கு ஒப்பவில்லை. அந்த விலையைக் காட்டி, "இதுக்குப் பக்கத்துல வர முடியுமா?" என்று அவரிடமே கேட்பது எவ்வளவோ மேல். முடியாது என்றால் சொல்லிவிடுவார்.

## ஒரு பார்வையில்

| எடைக்கல் | உரிமையாளரே நடத்தும் கடை | பெரிய கடை | ஆன்லைன் |
|---|---|---|---|
| சீட்டு விலை | பெரும்பாலும் கூட | குறைவு | பெரும்பாலும் குறைவு, நாளுக்கு நாள் மாறும் |
| ஒளிந்த செலவு | பில் இல்லாத பேரம், பழைய சரக்கு | நினைக்காமல் வாங்கியது | திருப்பும் தொல்லை, போலி |
| வாங்கும் முன் ஆலோசனை | ஆளைப் பொறுத்து, கிடைத்தால் பொக்கிஷம் | சுமார் | மற்றவர் விமர்சனம், அதில் கூலிக்கு எழுதியதும் உண்டு |
| பின்னர் பழுது | கடைக்காரரே முன்னின்று பார்ப்பார் | சேவை மையத்துக்கு அனுப்புவார்கள் | நீங்களே அலைய வேண்டும் |
| ஒன்றே ஒன்று வாங்க | எளிது | அரிது | கட்டுப்படியாகாது |
| ஊரில் நிற்கும் பணம் | அதிகம் | கூலி, வாடகை அளவில் | டெலிவரி கூலி அளவில் |

## அந்த 7 சதவீதம்

நண்பரிடம் மூன்று கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். சொன்ன விலையில் மாட்டித் தருவது சேர்த்தியா? பழைய மெஷினை எடுத்துக்கொள்வாரா? உத்தரவாதக் காலத்தில் பழுதானால் யார் போன் போடுவது?

தெருமுனைக் கடைக்காரர் சொன்ன பதில்: "மாட்டுறது நம்ம பையன். பழசை எடுத்துக்குறேன். கம்பெனி ஆள் வரலேன்னா எனக்குச் சொல்லுங்க, நான் பேசுறேன்." ஆன்லைன் விலையோடு பொருத்தும் கூலியையும் பழையதை அப்புறப்படுத்தும் கூலியையும் சேர்த்தபோது 7 சதவீதம் 2 ஆகச் சுருங்கியது. பில்லும் முழுசாகத் தருவதாகச் சொன்னார்.

அப்புறம் ஒரு சிக்கல். நண்பர் வீட்டில் இடம் குறுகல், அதற்குப் பொருந்தும் மாடல் கடைக்காரரிடம் கையிருப்பில் இல்லை, வர மூன்று வாரம் ஆகும். பழைய மெஷின் ஓடவே இல்லை, வீட்டில் கைக்குழந்தை. நண்பர் பெரிய கடையில் வாங்கிவிட்டார், மறுநாளே வந்தது.

கூட வந்த தண்ணீர்க் குழாய் அரை அடி குட்டை. வேறு வழியில்லாமல் தெருமுனைக் கடைக்குப் போனார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். "சரி, குழந்தை இருக்குற வீடு, காத்திருக்க முடியாதுதான்" என்ற கடைக்காரர், நீளமான குழாய் ஒன்றை எடுத்தார். இரண்டு முனையையும் திருப்பி, உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.